திறந்த மூலம் வேறு, திறந்த தரம் வேறு: அரச கணினிமயமாக்கலில் கிழக்கு கவனிக்க வேண்டியது

2025 பெப்ரவரி 7ஆம் திகதி, இலங்கை அரசுக்குக் கட்ட வேண்டிய பணத்தை இணையவழியில் செலுத்தும் கவ்பே சேவை தொடங்கியது. டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டத்துக்கு இந்தியா உதவுகிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பிரதேச செயலகங்கள், உள்ளூராட்சி சபைகள், வைத்தியசாலைகள் என்று ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. இந்தச் செய்திகளில் 'திறந்த மூல மென்பொருள்', 'திறந்த தரம்' என்ற இரண்டு சொற்கள் அடிக்கடி வருகின்றன. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புபவர்கள் நிறையப் பேர். 'மென்பொருள் திறந்தது என்றால் என் அடையாள அட்டை விவரமும் திறந்து கிடக்குமா?' என்று பயப்படுபவர்களும் இருக்கிறார்கள்.

அடிப்படையிலிருந்து தொடங்கி, இவை இரண்டும் ஒரு சாதாரணக் குடும்பத்தை எந்த இடத்தில் தொடுகின்றன என்று பார்ப்போம். என் முடிவை முன்னரே சொல்லிவிடுகிறேன்: திறந்த மூலம் நல்லது, திறந்த தரம் கட்டாயமானது. கிழக்கில் இருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது தரத்தைத்தான்.

இரண்டு சொற்களின் பொருள்

ஒரு மென்பொருளை ஆட்கள் எழுதுவது நிரல்மொழியில். அப்படி எழுதிய வரிகளுக்கு மூல நிரல் என்று பெயர். அந்த வரிகளை எவரும் வாசிக்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம் என்று உரிமத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் அது திறந்த மூல மென்பொருள். இணையத்தின் பெரும்பகுதி இதன்மேல்தான் நிற்கிறது. லினக்ஸ் என்ற இயங்குதளம் 1991இல் வந்தது. இணையப் பக்கங்களை அனுப்பும் அப்பாச்சி, நிரல்மொழியான பிஎச்பி, தரவைச் சேமிக்கும் மைஎஸ்கியூஎல் மூன்றும் 1995இல் வெளிவந்தன. இந்த நான்கையும் சேர்த்து ஓர் இணையத்தளத்தைக் கட்ட உரிமக் கட்டணமாக ஒரு சதமும் தேவையில்லை. உழைப்புக்கும் பராமரிப்புக்கும் பணம் வேண்டும், அது வேறு கணக்கு.

தரம் என்பது மென்பொருள் அல்ல, ஓர் உடன்பாடு. எழுத்தை எப்படிக் குறிப்பது, திகதியை எந்த ஒழுங்கில் எழுதுவது, ஒரு பக்கத்தை எந்த அமைப்பில் அனுப்புவது என்று பலரும் ஏற்றுக்கொண்ட விதி. அந்த விதி வெளிப்படையாக இருக்க வேண்டும். அதைப் பயன்படுத்த எவரிடமும் அனுமதியோ கட்டணமோ தேவைப்படக் கூடாது. ஒரே கம்பனி நினைத்தபடி மாற்ற முடியாததாக இருக்க வேண்டும். அப்படியென்றால் அது திறந்த தரம். இணையத் தரங்களுக்காக 1994இல் உருவான டபிள்யூ3சி என்ற அமைப்பு பராமரித்து வளர்த்த எச்டிஎம்எல், அதாவது இணையப் பக்கங்களை எழுதும் மொழி, இதற்கு நல்ல உதாரணம். தன் தரங்களைக் காப்புரிமைக் கட்டணம் இல்லாமல் எவரும் பயன்படுத்தலாம் என்று அந்த அமைப்பு 2004இல் எழுத்தில் உறுதி கொடுத்தது.

வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பொயின்ற்றை எடுத்துக்கொள்ளுங்கள். துளைகளின் வடிவமும் அளவும் தரம். அதில் செருகும் மின்விசிறியின் உள்ளே இருக்கும் சுற்று, மூலம். மின்விசிறியின் உட்சுற்று வரைபடம் நம் கையில் இருந்தால் பழுதுபார்க்கலாம், நல்லதுதான். ஆனால் துளையின் வடிவம் கம்பனிக்குக் கம்பனி மாறினால், விசிறி எவ்வளவு நல்லதாக இருந்தும் பயன் இல்லை.

இரண்டும் தனித்தனியானவை என்பதால் நான்கு விதமான சேர்க்கை வரும். உரிமக் கட்டணம் வாங்கும் ஒரு மூடிய மென்பொருள், கோப்பைத் திறந்த தரத்தில் சேமித்துக் கொடுக்கலாம். அதற்கு எதிர்மாறாக, முழுக்க முழுக்கத் திறந்த மூலத்தில் கட்டிய தளத்துக்குள் தரமே இல்லாத தரவு பூட்டிக் கிடக்கலாம். இந்த இரண்டாவது நிலைதான் நம் பக்கத்தில் அதிகம்.

பாமினிக்குள் பூட்டிய தமிழ்

அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, வடக்கு கிழக்கு மாகாணங்களில் பொதுப் பதிவேடுகளைப் பேணும் மொழி தமிழ் என்கிறது. ஆகவே கணினியில் தமிழ் எழுத்து எப்படிச் சேமிக்கப்படுகிறது என்ற கேள்வி இங்கே தொழில்நுட்ப ஆட்களோடு முடிந்துபோகும் கேள்வி இல்லை. காணிப் பதிவு, பிறப்புப் பதிவு, வாக்காளர் இடாப்பு எல்லாம் அதற்குள் வருகின்றன.

பத்திரிகைக் கந்தோர், பாடசாலை வினாத்தாள், பிரதேச செயலகக் கடிதம் என்று வடக்கு கிழக்கில் பல ஆண்டுகள் ஓடியது பாமினி எழுத்துரு. அது செய்யும் வேலை இதுதான்: கணினிக்குள் ஆங்கில எழுத்துகளையே வைத்துவிட்டு, அவற்றின் உருவத்தை மட்டும் தமிழாகக் காட்டும். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே சேமிக்கப்படுவது ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழ் தெரியும். இல்லாத கணினியில் அந்த ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும்.

எழுத்துகளின் ஒழுங்கும் மாறிவிடுகிறது. 'கல்முனை' என்ற பெயரில் கடைசி எழுத்து 'னை'. தட்டச்சு இயந்திர வழக்கப்படி பாமினியில் ஐகாரக் குறி முதலில், 'ன' பிறகு. உலக மொழிகளின் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் பொதுத் தரமான யுனிகோட்டில் 'ன' முதலில், குறி பிறகு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டுக்கும் ஒட்டுறவே இல்லை.

யுனிகோட் 1991இல் வெளிவந்தபோதே அதில் தமிழுக்கு இடம் இருந்தது. இலங்கையும் பின்தங்கி நிற்கவில்லை. தமிழ் எழுத்துக் குறியீட்டுக்கும் விசைப்பலகைக்கும் இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தரத்தை 2008இல் கொண்டுவந்தது. அதன் அடிப்படை யுனிகோட், விசைப்பலகை ரெங்கநாதன் அமைப்பு. தமிழ்நாடு அரசு யுனிகோட்டை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது 2010இல். எனவே குறை தரம் இல்லாமையில் இல்லை. இருக்கிற தரம் கந்தோர் மேசைவரை வந்து சேராமையில் இருக்கிறது.

இதனால் நடப்பவை:

1. தேட முடியாது. பாமினியில் அடித்த அறிவித்தலை இணையத்தில் ஏற்றினால், 'கல்முனை' என்று தேடுபவருக்கு அது ஒருபோதும் கிடைக்காது. தேடுபொறி அதை அர்த்தமில்லாத ஆங்கிலமாகத்தான் பார்க்கிறது.

2. கைபேசியில் வாசிக்க முடியாது. கைபேசிகளில் பாமினி இருப்பதில்லை. யுனிகோட் எழுத்துரு எல்லாவற்றிலும் இருக்கிறது. நம் ஊர்களில் பெரும்பாலானோர் இணையத்துக்குள் போவது கைபேசி வழியாகத்தான்.

3. பார்வையற்றவர்களுக்குக் கதவு முழுதாக மூடப்படுகிறது. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் 2006இல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள், விலை இல்லை, தமிழும் வாசிக்கும். யுனிகோட்டில் இருக்கும் சுற்றுநிருபத்தை அது வாசித்துக் காட்டும். பாமினியில் இருப்பதை வாசிக்கச் சொன்னால் ஆங்கில எழுத்துகளை உளறும். ஒரு தரத்துக்கு இணங்காததால் ஒரு மனிதருக்குத் தன் மொழியில் அரச தகவல் கிடைக்காமல் போகிறது. இதைச் சின்னக் குறையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

4. பிடிஎப் ஆக மாற்றினாலும் தீராது. பிடிஎப் 2008இல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேச அமைப்பின் தரமாகிவிட்டது, அதாவது உறை திறந்தது. ஆனால் உள்ளே பாமினி எழுத்து இருந்தால், வெட்டி ஒட்டும்போது அதே கிறுக்கல்தான் வரும். கடதாசியை ஸ்கேன் செய்து ஏற்றினால் அதுவும் இல்லை, வெறும் படம். 'நாங்கள் இணையத்தில் போட்டுவிட்டோம்' என்று சொல்லும் அலுவலகங்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

யுனிகோட்டுக்கு மாறிய பிறகும் கொஞ்சம் கவனம் தேவைப்படுகிறது. 'கௌரி' என்ற பெயரை ஔகாரக் குறியுடன் எழுதலாம். அதையே எகரக் குறியும் 'ள' எழுத்தும் சேர்த்து 'கெளரி' என்றும் பலர் அடிக்கிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அவை இரண்டு பெண்கள். 'ஸ்ரீ' என்பதற்கும் இரு விதக் குறியீடு உண்டு. 'கொ' என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரண்டு துண்டாகவும் வைக்கலாம். கடைசியாகச் சொன்ன இந்த வேறுபாட்டை நீக்கி ஒரே வடிவுக்குக் கொண்டுவர யுனிகோட்டே ஒரு முறை தந்திருக்கிறது. 'கெளரி'யை அது திருத்தாது. அதற்கு மென்பொருள் எழுதுபவர் தனியாக ஒரு சோதனை எழுத வேண்டும், அதற்கு அவர் தமிழ் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

போரிலும் சுனாமியிலும் பத்திரங்களை இழந்த குடும்பங்கள் இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஏராளம். பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறொரு எழுத்து என்று வந்ததால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு அலைந்தவர்களுக்கு இதன் பாரம் தெரியும். கணினிப் பதிவு அந்த அலைச்சலைக் குறைக்க வேண்டும். தரம் இல்லாமல் செய்தால் அதே அலைச்சல் கண்ணுக்குத் தெரியாத வடிவில் கூடிவிடும்.

இலக்கம், திகதி, ஊர்ப்பெயர்

எழுத்தோடு விஷயம் முடியவில்லை. ஒரு வெள்ள நிவாரணப் பட்டியலைக் கற்பனை செய்யுங்கள். கிராம உத்தியோகத்தர் எக்ஸெல்லில் தட்டி பிரதேச செயலகத்துக்கு அனுப்புகிறார், அங்கிருந்து கச்சேரிக்குப் போகிறது.

அடையாள அட்டை இலக்கம் பழையதில் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016க்குப் பிறகு வந்த அட்டைகளில் 12 இலக்கம். பழைய இலக்கத்துக்கு முன்னால் 19 சேர்த்து, நாள் எண்ணுக்குப் பின் ஒரு 0 இட்டு, எழுத்தை நீக்கினால் புதிய இலக்கம் வரும். அந்த விதியை மென்பொருள் அறிந்திருந்தால் ஒருவரை இரு தடவை பதிய முடியாது. இதற்கு மேலே இன்னொரு சிக்கல்: எக்ஸெல்லில் 12 இலக்கத்தைச் சும்மா அடித்தால் அது பெரிய எண் என்று நினைத்து அடுக்குக் குறியில் சுருக்கிக் காட்டும். அந்தக் கலத்தை எழுத்து வகை என்று முதலே குறித்துவைக்க வேண்டும்.

திகதி 03/04/2024 என்றால் ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ? ஐஎஸ்ஓ 8601 என்ற தரப்படி ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் 2024-04-03 என்று எழுதினால் சந்தேகமே வராது.

ஊர்ப்பெயருக்கும் அப்படித்தான். மட்டக்களப்பு தமிழில் ஒரு மாதிரி, சிங்களத்தில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் இன்னொரு மாதிரி. ஐஎஸ்ஓ 3166-2 தரத்தில் இலங்கைக்குரிய எல்கே குறியுடன் மட்டக்களப்புக்கு 51, அம்பாறைக்கு 52, திருகோணமலைக்கு 53. பெயரை எந்த மொழியில் காட்டினாலும் உள்ளே இந்தக் குறி இருந்தால் மூன்று மொழிப் பதிவுகளும் ஒன்றோடொன்று பொருந்தும். இப்படி அரச நிறுவனங்கள் தகவல் பரிமாறும்போது எந்தப் புலத்துக்கு எந்த வடிவம் என்று வகுத்துவைக்கத்தான் 'லைஃப்' எனப்படும் இலங்கை இடைச்செயற்பாட்டுச் சட்டகம் இருக்கிறது. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் அதை உருவாக்கியது. தேவையானதில் பெரும்பகுதி ஏற்கனவே எழுதப்பட்டிருக்கிறது. டெண்டர் எழுதும் கையில் அது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

திறந்த மூலத்தின் வேலையைக் கிழக்கு பார்த்திருக்கிறது

2004 டிசெம்பர் 26 சுனாமியில் இலங்கையில் 30,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். மாவட்டக் கணக்கில் மிக அதிக உயிரிழப்பு அம்பாறையில்தான், கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று அந்தக் கரை முழுக்க. மட்டக்களப்பில் நாவலடி, கல்லடிப் பக்கம் போனது கொஞ்சமல்ல. காணாமற்போனோர் யார், எந்த முகாமில் யார் இருக்கிறார்கள், எந்த அமைப்பு எங்கே என்ன கொடுக்கிறது என்று எதுவும் ஒரே இடத்தில் இல்லை.

அந்த நாட்களில் லங்கா மென்பொருள் அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பில் தொண்டர்கள் எழுதியதுதான் சஹானா. பிஎச்பியிலும் மைஎஸ்கியூஎலிலும் கட்டிய இணையச் செயலி, முழுக்கத் திறந்த மூலம். காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி அமைப்புகளின் பதிவு என்ற பகுதிகள் அதில் இருந்தன. அனுமதிக்கும் உரிமத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லாததால்தான் அவ்வளவு விரைவாக அதைக் கட்ட முடிந்தது. அப்புறம் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, அதே ஆண்டு இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கம் என்று மற்ற நாடுகள் அதை எடுத்துப் பயன்படுத்தின. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006க்கான சமூகப் பயன் விருதை சஹானாவுக்குக் கொடுத்தது. நம் கரையின் துயரத்திலிருந்து பிறந்த நிரல் வேறு நாட்டு முகாம்களுக்கு உதவியது. மூடிய உரிமம் ஒன்று குறுக்கே இருந்திருந்தால் அது அங்கே போயிருக்காது.

2020 ஜனவரியில் இன்னொன்று. ஒஸ்லோ பல்கலைக்கழகம் வளர்க்கும் திறந்த மூலச் சுகாதாரத் தகவல் மென்பொருள் டிஎச்ஐஎஸ்2. கோவிட் பரவத் தொடங்கியபோது, விமான நிலையத்தால் வருபவர்களைப் பதிந்து கண்காணிக்கும் பகுதியை அதன்மேல் முதலில் கட்டியது இலங்கைக் குழு. பல நாடுகள் அதையே தழுவிக்கொண்டன.

'அப்படியானால் என் தரவும் திறந்ததா?'

இல்லை. நிரல் என்பது வேலை செய்யும் முறை. தரவு என்பது அந்த முறைக்குள் போகும் உங்கள் விவரம். முறை வெளியே தெரிவதால் விவரம் தெரிந்துவிடாது. இரகசியம் பூட்டின் அமைப்பில் இருக்கக் கூடாது, சாவியில் இருக்க வேண்டும் என்ற கோட்பாட்டை ஒகுஸ்ட் கெர்க்கோஃப்ஸ் 1883இலேயே எழுதிவைத்தார். இன்றைய வங்கிப் பரிமாற்றங்களைக் காக்கும் குறியாக்க முறைகள் எல்லாமே வெளிப்படையாகப் பிரசுரமானவை. பல நிபுணர்கள் உடைத்துப் பார்த்து உடையாததால்தான் அவற்றை நம்புகிறோம்.

டிஜிட்டல் அடையாள அட்டை விஷயத்தில் இது நேரடியாகப் பொருந்தும். மொசிப் என்பது அடையாளத் திட்டங்களுக்கான ஒரு திறந்த மூல அடித்தளம். பெங்களூரின் சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் 2018இல் தொடங்கியது. அடையாளத் திட்டத்துக்காக இந்தியாவும் இலங்கையும் 2022 மார்ச்சில் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. ஒரு நாட்டின் முழுச் சனத்தொகையையும் பதியும் மென்பொருள் ஒரே கம்பனியின் மூடிய பெட்டியாக இருக்கக் கூடாது என்பதுதான் மொசிப் போன்றவற்றின் நோக்கம். அதேநேரம், தரவு எந்த வழங்கியில் (சேர்வரில்) இருக்கிறது, யாருக்கு அதற்குள் போக அனுமதி, யார் எப்போது பார்த்தார் என்ற பதிவு இருக்கிறதா என்பதெல்லாம் திறந்த மூலம் தீர்க்கும் கேள்விகள் அல்ல. அவற்றுக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மக்கள் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான்.

உரிமத்தில் மாட்டுவதும் பராமரிப்பில் சறுக்குவதும்

2023 ஓகஸ்ட் மாத இறுதியில் அரசின் மேகக் கணிமை அமைப்பு கப்பம் கேட்கும் தீநிரல் தாக்குதலுக்கு உள்ளானது. ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை, அந்தக் காலத்துக்குக் காப்புப் பிரதி இல்லை. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற மின்னஞ்சல் மென்பொருளின் 2013 பதிப்பு. அந்தப் பதிப்புக்கான ஆதரவை நிறுவனம் 2023 ஏப்ரல் 11ஆம் திகதி நிறுத்தியிருந்தது. நிதித் தட்டுப்பாட்டால் புதிய பதிப்புக்கு மாறுவது தள்ளிப்போனது என்று அப்போது சொல்லப்பட்டது.

உரிமம் வாங்கப் பணம் இல்லாத நாடு, உரிமம் கேட்கும் மென்பொருளில் தங்கியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது ஓர் உதாரணம். ஆனால் காப்புப் பிரதி இல்லாமை எந்த உரிமத்தின் குற்றமும் இல்லை. திறந்த மூலமாக இருந்தாலும் அந்த மின்னஞ்சல்கள் போயிருக்கும்.

திறந்த மூலத்தை ஆதரிப்பவர்கள் மறைக்கக் கூடாத பக்கமும் உண்டு. 2014இல் இணையத் தொடர்பைக் குறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை, 2021 டிசெம்பரில் மென்பொருள்களின் நடவடிக்கைகளைப் பதியும் லொக்4ஜேயில் ஓட்டை. இரண்டும் திறந்த மூலம், இரண்டும் உலகம் முழுக்கப் பயன்பட்டவை, நிரலைப் பார்க்கலாம் என்ற நிலை இருந்தும் நெடுநாள் எவர் கண்ணிலும் படாதவை. ஓட்டையை அடைக்கும் திருத்தமான ஒட்டு வெளிவந்த அன்றே அதைப் போட ஓர் ஆள் வேண்டும். திட்டம் முடிந்ததும் ஆளையும் நிறுத்திவிட்டால் இலவச மென்பொருள்தான் மிக ஆபத்தான மென்பொருள். திட்ட நிதியில் கட்டி, நிதி முடிந்ததும் கைவிடப்பட்ட இணையத்தளங்களைக் கிழக்கில் தேடிப் பிடிக்கச் சிரமமில்லை.

தரத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியா பாடம். 1990களின் இறுதியில் அங்கே இணைய வங்கிப் பாதுகாப்புக்குச் சொந்தக் குறியாக்க முறை ஒன்றை உருவாக்கினார்கள். அமெரிக்கா வலுவான குறியாக்கத்தை ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு வைத்திருந்த காலம், ஆகவே அந்த முடிவு அப்போது நியாயமானதே. ஆனால் அதை உலாவியின் பொதுத் தரத்தில் சேர்க்காமல், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் ஓடும் அக்டிவ்எக்ஸ் துண்டாகக் கட்டினார்கள். வங்கிக்கும் அரச சேவைக்கும் அந்த ஒரே உலாவிதான் என்றாகிவிட்டது. அந்த முறையைத் தாங்கிய அங்கீகாரச் சான்றிதழின் தனிச் சட்டத் தகுதி நீங்கியது 2020 டிசெம்பரில்தான். ஒரு தொழில்நுட்ப முடிவிலிருந்து மீள 20 ஆண்டுகள் எடுத்தன.

ஜெர்மனியின் மியூனிக் நகரம் 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, 2013க்குள் சுமார் 15,000 கணினிகளை மாற்றி, 2017இல் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. வெளியிலிருந்து வரும் கோப்புகள் ஒத்துப்போகவில்லை என்பது அங்கே ஓயாமல் எழுந்த முறைப்பாடு. நகரத்தின் மூலம் திறந்தது, சுற்றியிருந்தவர்களின் கோப்பு வடிவம் மூடியது. பிரித்தானியா இதைக் கோப்பிலிருந்து தொடங்கியது: மென்பொருள் எதுவானாலும் சரி, திருத்தக்கூடிய அரச ஆவணம் ஓடிஎப் என்ற திறந்த ஆவண வடிவில், பார்க்க மட்டுமானவை எச்டிஎம்எல் அல்லது நெடுநாள் சேமிப்புக்கான பிடிஎப்/ஏ வடிவில் என்று 2014 ஜூலையில் விதித்தது. இந்தியா திறந்த தரக் கொள்கையை 2010இலும் திறந்த மூலக் கொள்கையை 2015இலும் தனித்தனியாக வெளியிட்டது. தரம் முதலில், மூலம் பிறகு என்ற அந்த ஒழுங்கு சரியானது என்பது என் எண்ணம்.

சபை ஒன்று மென்பொருள் வாங்கும்போது

சோலைவரி, கட்டட அனுமதி, நூலகம் என்று ஏதாவது ஒன்றுக்கு உங்கள் பிரதேச சபையோ மாநகர சபையோ மென்பொருள் வாங்கப் போகிறது என்றால், முடிவு நடக்கும் இடம் டெண்டர் ஆவணம். கையெழுத்தான பிறகு கேட்பது மிகவும் கடினம். உறுப்பினர்களும் பொதுமக்களும் கேட்க வேண்டியவை இவை:

1. முழுத் தரவையும் திறந்த வடிவில், கூடுதல் கட்டணம் இல்லாமல், எந்த நாளிலும் வெளியே எடுக்க முடியுமா? ஒப்பந்தம் முடியும் நாளில் தருவோம் என்பது போதாது. முதல் மாதமே எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

2. தமிழும் சிங்களமும் யுனிகோட்டில்தானா? 'ஆம்' என்ற பதிலை மட்டும் ஏற்காமல், பாவனைக்கு எடுக்கும் முன் 'கௌரி', 'ஸ்ரீ', 'கொ' வரும் பெயர்களைப் போட்டுத் தேடிப் பார்க்க வேண்டும்.

3. பொதுப் பணத்தில் எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம்? சபைக்கு என்றால் அதன் பிரதி சபையின் கையில் இருக்கிறதா? மட்டக்களப்புக்கு எழுதிய சோலைவரி மென்பொருளை அக்கரைப்பற்று மறுபடி முதலிலிருந்து காசு கொடுத்து எழுத வேண்டிய தேவை இல்லை.

4. திட்டம் முடிந்த பின் ஒட்டுகளைப் போடுவது யார், காப்புப் பிரதி எங்கே, அதிலிருந்து மீட்டுப் பார்த்த கடைசித் திகதி எது?

நான்காவதற்கு உள்ளூரிலேயே ஆள் இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். பிஎச்பியும் லினக்ஸும் படித்தவர்கள் ஆண்டுதோறும் வெளியே வருகிறார்கள். மூலம் மூடியிருந்தால் அவர்களால் அந்த நிரலைத் தொடவே முடியாது. திறந்திருந்தால் பராமரிப்புப் பணம் இந்த மாவட்டங்களுக்குள்ளேயே தங்கும்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். தகவலைத் தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

பழைய கோப்புகள்

புதியதை ஒழுங்காக வாங்கினாலும், ஏற்கனவே பாமினியில் இருக்கும் பல ஆண்டுக் கோப்புகள் மிச்சம். மாற்றும் கருவிகள் விலையில்லாமல் கிடைக்கின்றன. ஆனால் ஒரு பொத்தானில் முடியும் வேலை இது இல்லை. பாமினி, ஆங்கிலத்துக்குரிய அதே இடங்களைப் பயன்படுத்துவதால், தமிழ் வரிக்கு நடுவே ஒரு ஆங்கிலப் பெயரோ அடையாள அட்டையின் 'வி' எழுத்தோ இருந்தால் கருவி அதையும் தமிழாக நினைத்து மாற்றிவிடும். வெறும் எழுத்தை மட்டும் பார்த்து எது தமிழ், எது ஆங்கிலம் என்று அதனால் பிரிக்க முடியாது. கோப்பில் எந்தப் பகுதிக்கு எந்த எழுத்துரு என்ற குறிப்பு இருந்தால்தான் பிரிக்கலாம். வேறு இடத்தில் வெட்டி ஒட்டும்போது முதலில் அழிவது அந்தக் குறிப்புதான்.

ஆகவே மாற்றும்போது மூலக் கோப்பை அழிக்கக் கூடாது. எந்த எழுத்துருவில் இருந்தது என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவைக்க வேண்டும். மாற்றிய ஒவ்வொரு பெயரையும் இலக்கத்தையும் பழைய அச்சுப் பிரதியோடு ஒருவர் ஒப்பிட வேண்டும். அதைச் சரியாகச் செய்யக்கூடியவர்கள் அந்தக் கோப்புகளைத் தட்டிய எழுதுவினைஞர்கள். ஒவ்வொருவராக ஓய்வுபெற்றுப் போகிறார்கள், ஆகவே இந்த வேலையை அடுத்த திட்ட நிதிக்காகக் காத்திருக்காமல் இப்போதே தொடங்க வேண்டும். முதலில் காணி, பிறப்பு, இறப்புப் பதிவுகள். கடிதங்கள் பிறகு.